சறோ அக்கா விட்டுவைத்த இடம்

காலை ஆறரைக்கு, இன்டர்லாக்கன் விடுதிச் சமையலறையில் முட்டை உடைத்துக்கொண்டிருந்தபோது சறோ அக்காவின் மகள் அழைத்தாள். "மாமா, அம்மா போயிட்டா" என்றாள். கையிலிருந்த முட்டையை உடைக்காமல் திரும்பத் தட்டில் வைத்தேன். அக்கா பதினாறு ஆண்டுகள் அதே மேசையில் எனக்குப் பக்கத்தில் நின்று மரக்கறி வெட்டியவர். விருந்தினரின் காலையுணவை முடித்த பிறகுதான் அவரைப் பார்க்கப் பேர்ணுக்கு ரயில் ஏறினேன். வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் போயிருந்தால் அவருக்கே பிடித்திருக்காது.

அவரோடு கம்பிங் வந்த உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஒவ்வோர் ஆடியிலும் ஒரு வார இறுதிக்கு, தன்னுடையதோடு ஆறு தமிழ்க் குடும்பங்களைச் சுவிஸ் மலைமேல் ஒரு புல்வெளிக்கு இழுத்துப்போய்க் கூடாரத்தில் படுக்கவைத்தவர். ஒரு தண்ணீர்க் குழாய், இரண்டு கழிப்பறை, விறகடுப்பு. அவ்வளவுதான் அங்கே உண்டு. மின்சாரம் இல்லையென்று முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லியிருந்தார். முதல் வருடம் ஆறு குடும்பங்களும் ஆறு ரைஸ் குக்கரோடு வந்து இறங்கினோம். ஆறாவது அவருடையது! "எனக்கெண்டாலும் மூளை வேலை செய்திருக்க வேணும்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மீன்குழம்புக்குக் கொண்டுவந்த சட்டியில் சோறு வைத்து, அது அடிப்பிடித்து, அந்தக் கருகலுக்குப் பிள்ளைகள் போட்டி போட்டு அடிபட்டார்கள்.

நான் மட்டும் கூடாரத்துக்குள் போகவில்லை. "தறப்பாளுக்குக் கீழ கிடந்தது காணாதோ, அக்கா? காசு குடுத்தும் கிடக்க வேணுமோ?" என்று கேட்டேன். போரில் இடம்பெயர்ந்து வன்னியில் இரண்டு மாரிகாலம் தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே இருந்தோம். என் தங்கச்சி அங்கேதான் காய்ச்சலில் போனாள். துணியில் மழை விழும் சத்தத்தை இன்றுவரை என்னால் தாங்க முடியாது.

அவர் புத்தி சொல்லவில்லை. "நீர் காருக்குள்ளேயே படுத்துக்கொள்ளும், தம்பி. ஆனா பிள்ளையளை மறிக்காதேயும். ஆரும் துரத்தாத கூடாரத்தில அதுகள் படுத்து எழும்பட்டும்" என்றார். பிறகு என் பிள்ளைகள் இருவருக்கும் நடுவே ஒரு வெறும் மெத்தையை விரித்தார். "இது உமக்கு. வராட்டிப் பரவாயில்லை, இடம் இருக்கட்டும்." உண்மையைச் சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒருமுறை அதைச் சுருட்டி அவருடைய காரில் எறிந்தேன். பின்னேரம் மறுபடி விரித்திருந்தார். பிடிவாதத்தில் அவரை வென்றவர் யாரும் இல்லை, புற்றுநோயைத் தவிர.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, "இந்தமுறை கம்பிங்குக்கு ஆர் இடம் பதியிறது?" என்று கேட்டார். "முதல்ல சுகமாகி வாங்கோ, அக்கா" என்றேன். அவருடைய முகம் சுருங்கியது. "அது வேற கதை. கேட்டதுக்குப் பதில் சொல்லும்."

"ஓம், நான் பதியிறன்."

பதிந்துவிட்டேன். ஆனால் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு முன்னரே அந்த வார இறுதி வருகிறது. சாவுத் துடக்குக் கழியாமல் கொண்டாட்டமோ என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். கேட்டதில் பிழையில்லை, எனக்கும் மனம் இரண்டுபட்டது. அவருடைய கணவர் செல்வம் அண்ணையிடமே போய்க் கேட்டேன். "கொண்டாட்டத்துக்கு நாங்கள் வரேல்லை. அவ விட்டுப்போன வேலைக்கு வாறம்" என்றார். அதற்கு மேல் கதையில்லை. ஆறு குடும்பங்களும் வரவேண்டும். பெரிய சட்டி நான் கொண்டுவருகிறேன். குக்கரை மறந்தும் தூக்கிவராதீர்கள்.

அந்த இரண்டு நாளும் மழை என்று சொல்கிறார்கள். பெய்யட்டும். சறோ அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அந்த மெத்தையை. செல்வம் அண்ணை தானாகவே கொண்டுவந்து தந்தார். இம்முறை இருட்டுவதற்கு முன் காரைப் பூட்டி அதன் திறப்பை அவரிடம் கொடுத்துவிடுவேன். நான் திருப்பிக் கேட்டாலும், விடியும்வரை தர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.