தைப்பூசத்தன்று பெட்டி பிடித்த பாட்டு

கண்டதும் கேட்டதும் காத்தருளும் வேலவனே
தொண்டரின் நாவில் துணை.

இதை எழுதத் தொடங்கும் இன்று மாசி மகம். விளக்கேற்றி, மேலே உள்ள இரண்டடியை நானே கட்டி, முருகன் திருவடியில் வைத்துவிட்டு அமர்ந்திருக்கிறேன். குறை இருந்தால் அவன் பொறுப்பான். குறையுள்ள பாட்டு அவனுக்குப் புதிதல்ல. எழுதப் புகுந்த செய்தி, சென்ற தைப்பூசத்தன்று பஹ்ரைனில், ஈசா டவுனில் உள்ள எங்கள் வீட்டில் நடந்தது.

என் கணவருக்கு ஒரு பெட்டி உண்டு. தொலைக்காட்சிக்குக் கீழே, செருப்புப் பெட்டியளவில் இருக்கும் கணினி அது. மொட்டைமாடி டிஷ்ஷிலிருந்து இறங்கும் கம்பி நேரே அதற்குள் போகும். அதிலுள்ள மென்பொருள் ஒரு வாரத்து நிகழ்ச்சிப் பட்டியலைத் தானே வரவழைத்து, எந்த அலைவரிசையில் எப்போது என்ன வருகிறது என்பதை எங்கள் ஊர் நேரத்திலேயே காட்டும். வேண்டியதைத் தொட்டு வைத்தால் போதும். நாங்கள் உறங்கினாலும் விடுமுறையில் ஊருக்குப் போனாலும் அது பதிவு செய்துவிடும். தமிழ்நாட்டில் காலை ஆறரைக்குத் தொடங்கும் பதிக இசை பஹ்ரைனில் நான்கு மணிக்கே வந்துவிடும். அந்த இசையை நான் மாலையில் விளக்கு வைத்த பிறகு கேட்டு மகிழ்ந்ததெல்லாம் அந்தப் பெட்டியின் தயவால்.

மார்கழியில் அதற்கு ஒரு சோதனை வந்தது. மென்பொருளைச் செய்த நிறுவனம், இனிப் புதிய பதிப்பு வராது, நிகழ்ச்சிப் பட்டியலும் வராது என்று அறிவித்துவிட்டது. அதே மென்பொருளை வைத்திருக்கும் பலநாட்டு மனிதர்கள் இணையத்தில் ஒரு மன்றம் நடத்துகிறார்கள். என் கணவர் நாள்தோறும் தேநீரோடு அமர்ந்து அதை வாசிப்பார். இதன் கதை முடிந்தது என்று ஒருவர் எழுதுவார். பட்டியலை வேறு வழியில் கொண்டுவரலாம் என்பார் இன்னொருவர். மூன்றாமவர் எல்லாவற்றையும் விற்றுவிட்டதாகத் தெரிவிப்பார். நான் பதிகத்துக்குப் பொருள் தேடுவது போலவே அவர் அந்த வரிகளுக்குப் பொருள் தேடிக்கொண்டிருந்தார்.

“எல்லாம்தான் இப்ப நெட்ல வருதே, இத விட்டுட்டா என்ன?” என்று கேட்டேன்.

“உன் கோயில் சேனல் வருதா? அவங்க எதையும் நெட்ல போடுறதில்ல. ஒருதரம் காட்டுவாங்க, அதோட சரி” என்றார்.

அவர் சொன்னது உண்மை. அந்தச் சின்ன அலைவரிசைக்காரர்கள்தாம் மார்கழி இறுதியில் வளைகுடாத் தமிழர் வழிபாட்டைப் படம் பிடிக்க வந்து, எங்கள் கூட்டுப்பாடலையும் பதிந்துகொண்டு போனார்கள். வெள்ளி மாலைதோறும் எங்கள் கூடத்தில் கூடிப் பாடும் பெண்கள் ஏழு பேர் நாங்கள். எடுத்துக் கொடுக்கும் முதலடியைப் பாடுபவர் இலங்கை மலையகத்துப் பெண்மணி. ஓர் அரபு வீட்டில் வேலை செய்கிறார். வெள்ளி பிற்பகல் மட்டும் அவருக்கு ஓய்வு. பள்ளியில் நான்காண்டு படித்த அவருக்கு இருநூறு பதிகங்கள் மனப்பாடம். அத்தனையும் தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் காதால் கேட்டுக் கற்றவை. நாற்பதாண்டு தமிழ் கற்பித்த நான் ஏட்டைப் பார்த்துத்தான் பாடுகிறேன்.

எங்கள் பாடல் தைப்பூசத்தன்று வருகிறது என்று தெரிந்த வெள்ளிக்கிழமை அவர் என் கணவரிடம் போய் நின்றார்.

“ஐயா, பூசம் ஞாயித்துக்கிழம. விடியக்காலையில இருந்தே மேடம் வீட்டுப் பிள்ளைங்கள ஸ்கூலுக்கு அனுப்புற வேல. எனக்கு டிவி பக்கம் திரும்பவே ஏலாது. உங்க பெட்டியில புடிச்சுத் தருவீங்களா?”

“தாராளமா தரேம்மா. வெள்ளிக்கிழம வந்து பாருங்க.”

“நான் பாக்காட்டியும் பரவாயில்லீங்க. ஊர்ல மகளுக்கு அனுப்பணும். நான் இங்க பாத்திரம் கழுவுறேன்னா நம்புறா. டிவியில பாடுறேன்னு சொன்னா சிரிக்கிறா. ‘அம்மா, வெயில் தலைக்கேறிப்போச்சா’ன்னு கேக்குறா.”

கூடியிருந்த அனைவரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். ஆயினும் அவர் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்ததைக் கண்டேன். என் கணவரும் கண்டிருக்கவேண்டும். “வந்துரும். நான் பொறுப்பு” என்றார்.

பட்டியல் நின்றுவிட்டதால் நேரத்தை அவரே கையால் குறிக்கவேண்டியிருந்தது. முன்பு எங்களோடு பாடிவிட்டு இப்போது துபாய் கராமாவில் குடியிருக்கும் ஒரு தங்கையிடமிருந்து செய்தி வந்திருந்தது: ‘பூசத்தன்று காலை ஏழு மணிக்கு நம் பாட்டு. மறக்காதீர்கள் அக்கா.’ என் கணவர் விரல்விட்டுக் கணக்கிட்டார். ஊர் நேரத்தில் இரண்டரை கழித்தால் நாலரை. நாலரை முதல் ஐந்துவரை என்று பெட்டிக்குக் கட்டளையிட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்தார்.

பூசத்தன்று வைகறையில் நான் நீராடி வந்தபோது, அவர் பதிவை ஓடவிட்டுத் திகைத்து அமர்ந்திருந்தார். திரையில் ஒரு பெரியவர் தைலப் புட்டியைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

“என்னங்க, பாட்டுக்கு முன்னால விளம்பரமா?”

“அரைமணியும் இதேதான். முட்டிவலித் தைலம். உங்க கூட்டத்துல யாருக்காவது முட்டிவலி இருக்கா?”

“ஏழு பேருக்கும் இருக்கு. அதுக்காக?”

எனக்கு அப்போது பொறி தட்டியது. உடனே துபாய்க்குப் பேசினேன். “அந்த ஏழு மணி ஊர் டைமா, உங்க டைமா?”

“எங்க டைம்தான் அக்கா! ஊர்ல எட்டரை. உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு நானே ஒன்றரைய கழிச்சு அனுப்பினேன்.”

பின்னாலிருந்து என் கணவர் குரல் கொடுத்தார்: “அவ ஒருதரம் கழிச்சா, நான் மறுதரம் கழிச்சேன். பாட்டே கழிஞ்சு போச்சு!”

“எங்க போச்சு? துபாய்க்கு ஏழுன்னா நமக்கு ஆறு. மணி இப்ப அஞ்சு இருபதுதான்” என்றேன்.

கடல் கடந்து வந்த நாங்கள் ஒருவருக்கொருவர் செய்யும் உபகாரங்களில் இதுவும் ஒன்று. தாயகத்து நேரத்தை அவரவர் தம் நேரத்துக்கு மாற்றி அடுத்தவருக்குச் சொல்வோம். கேட்டவர் மீண்டும் ஒருமுறை மாற்றிக்கொள்வார். ‘ஊர் டைமா, நம்ம டைமா’ என்று கேட்டுக்கொள்வது எங்களிடையே வணக்கம் சொல்வது போன்ற வழக்கம். அந்தக் கேள்வியைக் கேட்கும் வேலையையும் இத்தனை காலம் பெட்டியே பார்த்துக்கொண்டதால், நாங்கள் கேட்க மறந்துபோனோம்.

இரண்டாம் முறை நேரம் குறிக்கப் போனபோது பெட்டி முரண்டு பிடித்தது. பட்டியல் காலாவதியாகிவிட்டது, புதுப்பிக்கவும் என்ற அறிவிப்பு திரையை மறைத்துக்கொண்டு நகர மறுத்தது. வராத பட்டியலை எங்கிருந்து புதுப்பிப்பது? என் கணவர் பெட்டியை அணைத்தார், மீண்டும் இயக்கினார். அது தன் வழக்கப்படி ஆற அமர எழுந்தது. மணி ஐந்து ஐம்பத்திரண்டு. அந்தப் பெண்மணிக்கு வெள்ளியன்று என்ன சொல்வது என்ற நினைப்பு எழுந்ததும் என் வாய் தானாகப் பாடத் தொடங்கியது.

“கொஞ்சம் நிறுத்தேன், பொத்தான் மாத்தி அழுத்துறேன்.”

“நிறுத்தினா பெட்டியும் நின்னுடும். நீங்க உங்க வேலையப் பாருங்க.”

ஐந்து ஐம்பத்தெட்டுக்கு அலைவரிசை தெரிந்தது. நேரம் குறிக்கும் வழியை விட்டுவிட்டு, பதிவுப் பொத்தானையே நேரே அழுத்தினார். திரையின் மூலையில் குங்குமப் பொட்டுப் போல ஒரு சிவப்புப் புள்ளி எழுந்தது. மணியோசை, மயில், வேல் எல்லாம் வரிசையாக வந்தன. அதன் பின் அந்தப் பெண்மணியின் முகம் திரை முழுதும் நிறைந்தது. கண்மூடி, கழுத்து நரம்பு புடைக்க, முதலடியை எடுத்தார். அருகிலிருந்து எத்தனையோ முறை கேட்ட குரல்தான். அன்று அது புதிதாய்க் கேட்டது. என் கணவர் வேலைக்குப் போகும் நேரத்தையும் மறந்து கைகூப்பி நின்றார். எதிரே தெரிந்த வேலுக்கா, சிவப்புப் புள்ளிக்கா என்று நான் கேட்கவில்லை.

மாலையில் அவர் அந்தப் பன்னிரண்டு நிமிடத்தைத் தனியே நறுக்கி மூன்று இடங்களில் படியெடுத்தார். “பெட்டி இன்னும் எத்தனை மாசமோ, தெரியாது. இது இனிமே அத நம்பி இல்ல” என்றார்.

வெள்ளிக்கிழமை அந்தப் பெண்மணி வந்து, நாற்காலியில் அமர மறுத்து, தொலைக்காட்சிக்கு ஒரு முழத் தொலைவில் தரையில் உட்கார்ந்தார். பாட்டு முடியும்வரை அசையவில்லை. முடிந்ததும் திரும்பி, “டீச்சர், நானா இது? வாய இப்பிடியா தொறக்குறேன்?” என்றார்.

“நீங்க அப்படித் தொறக்கிறதாலதான் எங்க வாய் சும்மா அசைஞ்சாலும் போதுமா இருக்கு” என்றேன். நான்கு முறை பின்னோக்கி ஓட்டிப் பார்த்தோம். பிறகு என் கணவர் அதை அவருடைய கைபேசியில் ஏற்றிக் கொடுக்க, அவர் மகளுக்கு அனுப்பினார்.

பதில் வருவதற்குள் ஏழு பேரும் தேநீரைக் குடிக்காமல் ஆறவிட்டோம். கால்மணி நேரம் கழித்து மகளின் குரல்பதிவு வந்தது. அதில் முதலில் பலர் கூடிப் பேசும் ஒலிதான் கேட்டது. பிறகு, “அம்மா! உண்மையாவே நீங்கதான். பக்கத்து வீட்டு ஆளுங்களெல்லாம் வந்து நிக்குறாங்க. நான் சிரிச்சது பிழைதான் அம்மா. ஆனா ஒண்ணு, பின்னால பாடுறவங்க சத்தத்த கொஞ்சம் கொறைக்க முடியாதா? உங்க குரல மறைக்குது!”

பின்னால் பாடிய ஆறு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். உடனே மகளை அழைத்தார் தாய். அங்கே எத்தனை பேர் நின்றார்களோ தெரியாது. இங்கே எங்கள் கூடத்தில் நின்றபடி முழுப் பதிகத்தையும் அவர் தனியாகவே பாடினார். நாங்கள் ஆறு பேரும், சொல்லப்பட்டபடி, வாய்மூடிக் கேட்டோம்.

இதை வாசிக்கும் அனைவரும், எந்தக் கரையில் எந்த நேரத்தில் விழித்திருந்தாலும், தம் மக்கள் தம்மைக் கண்டு பெருமிதம் கொள்ளும் நாளைப் பெறுக. நோயின்றி, பசியின்றி, நாவில் ஒரு பாட்டோடு நெடிது வாழ்க.