சலிக்காத மண்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்றைக்கு வேடசந்தூரில் மில்லுக்கு இடம் சமப்படுத்துவதானாலும், ஆத்தூர்ப் பக்கம் கண்மாய்க்கரை உடைந்தாலும் என் பொக்லைன்தான் போய் நிற்கும். ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் உருட்டினால் போதும், அதில் எம்புட்டுக் கல் கிடக்கிறதென்று சொல்லிவிடுவேன். படித்த இன்ஜினியர்கள் என்னைக் கேட்டுத்தான் கொட்டுகிறார்கள். இம்புட்டுக்கும் எனக்கு ஒரு கண்தான்.

இன்னொன்று மலையடிவாரத்துத் துப்பாக்கி சுடும் கிளப்பில் போனது. அப்போது நான் அங்கே குழி ஆள். குறி பார்த்துச் சுடும் அட்டைகளுக்குக் கீழே ஆளுயரக் குழி, முன்னால் கான்கிரீட் சுவர். சுடுகிறவர்கள் சுட, குண்டு எங்கள் தலைக்கு மேலே போய் அட்டையைத் துளைத்து, பின்னால் இருக்கும் மண்மேட்டில் புதையும். சிவப்புக் கொடி பறக்கிறவரை குழியைவிட்டு ஏறக் கூடாது. கொடி இறங்கியதும் ஏறி அட்டை மாற்ற வேண்டும்.

மழை முடிந்ததும் மேட்டுக்குப் புது மண் போடுவோம். மொச்சைக்கொட்டை அளவுக் கல்கூட இல்லாமல் வலையில் சலித்துத்தான் போடவேண்டும். அந்த வருஷம் போட்டி நெருங்கிவிட்டது. மேற்பார்வையாளர், ஓடைச் சரளையை அப்படியே கொட்டி மேலாக மட்டும் சலித்த மண்ணைப் பூசச் சொன்னார்.

"மண்ணைச் சலிக்காமப் போட்டா கல்லுல பட்டுக் குண்டு திரும்பும் சார்" என்றேன்.

"ஏலே, மண்ணு சுமக்க வந்தவன் எனக்குக் குண்டப் பத்திப் பாடம் எடுக்கிறியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மறுநாள் காலை மூன்றாவது குண்டிலேயே கல் தெறித்தது. நான் குழிக்குள் குத்தவைத்து மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சில்லு இடது கண்ணில் இறங்கியது.

கண் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக் கிடந்தவனிடம் விபத்து நோட்டை நீட்டி மேற்பார்வையாளர் கைநாட்டு வாங்கினார். பிறகு அதன் நகலை என் பெண்டாட்டி வாசித்துச் சொன்னாள்: 'கொடி இறங்குமுன் மேலே ஏறினான். அவனது கவனக்குறைவு.' ஊருக்குள் எனக்குக் 'கொடி பாக்காதவன்' என்று பெயர் விழுந்தது. வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் அந்தப் பெயர் எனக்கு முன்னால் போய் நின்றது. அவர் நன்றாக இருக்கக் கூடாது என்று நினைக்காத நாள் கிடையாது. நான் மேலே வந்ததே அந்த வெறியில்தான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

போன ஆடியில் அவரே என் ஷெட்டுக்கு வந்தார். இப்போது கிளப்புக்குச் செயலாளர். சோதனைக்கு அதிகாரிகள் வருகிறார்களாம், மேடு சரிந்து கிடக்கிறதாம், மற்ற ஆட்கள் கைவைக்கப் பயப்படுகிறார்களாம்.

"அண்ணே, நீங்கதான் போட்டுத் தரணும்."

என்னைவிட மூத்தவர் என்னை அண்ணே என்றார். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. உட்காரச் சொல்லவில்லை.

"பழைய விபத்து நோட்டு இருக்கா?"

"அது எதுக்குண்ணே இப்ப?"

"இருந்தா வண்டி வரும்."

மறுநாள் நோட்டு வந்தது. அந்த வரியை அடித்துவிட்டு, 'சலிக்காத மண் என் உத்தரவில் போடப்பட்டது' என்று அவர் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். உறுப்பினர்கள், குழி ஆட்கள் எல்லார் முன்னாலும் வாசிக்க வைத்தேன். குரலைத் தாழ்த்தி வாசித்தார். காது கேட்கவில்லை என்று இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். என் காது நன்றாகத்தான் கேட்கும்.

மேடு முடிந்தது. முதல் சுடுதலின்போது, மேடு போட்டவன் குழியில் உட்கார்ந்து காட்டுவது அங்கே வழக்கம். "இந்தத் தடவை போடச் சொன்னவரும் வரட்டும்" என்றேன். எல்லாரும் பார்க்க அவரால் மறுக்க முடியவில்லை. வெள்ளைச் சட்டையோடு என் பக்கத்தில் வந்து குத்தவைத்தார்.

முதல் குண்டு மேட்டில் இறங்கியதும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, மண்ணச் சலிச்சுத்தானே போட்டீங்க?"

மூன்று தடவை சலித்த மண் அது. நான் மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்துக் குண்டும் முடிகிறவரை அவர் கண்ணைத் திறக்கவில்லை.

சத்தம் நின்றதும் அவசரமாக எழப் பார்த்தார். தோளைப் பிடித்து அமுக்கினேன்.

"செத்த இருங்க. கொடி இறங்கட்டும்."