காற்று வரும் வழியில் ஒரு ஸ்பாஞ்ச்

கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸுக்குத் தினமும் வேலைக்குக் காரோட்டிப் போகிறேன். ஓராண்டுக் காலம், வழியில் சுபாங் தாண்டும்போதெல்லாம் எனக்குத் தூக்கம் வந்தது. சாதாரணக் கொட்டாவி இல்லை. கண்ணிமையை யாரோ கீழே பிடித்து இழுப்பது போல வரும், கூடவே நெற்றிப்பொட்டில் வலி. அலுவலகம் சேர்ந்து கொஞ்சம் நடமாடினால் இரண்டும் போய்விடும். சாயங்காலம் திரும்பும்போது மறுபடி ஆரம்பிக்கும்.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எல்லாக் காரணத்திலும் குற்றவாளி நான்தான். "ராத்திரி போனைப் பாத்துக்கிட்டே படுத்தா அப்படித்தான்" என்றார் என் வீட்டுக்காரர். போனை ஹாலிலேயே வைத்துவிட்டுப் படுத்தேன். கிளினிக் டாக்டர் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல், "இந்த வயசுல லேடிஸுக்கு வர்றதுதான்" என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். ஒழுங்காக விழுங்கினேன். ஒரு நாள் ஜாமில் கண் செருகி, முன்னால் நின்ற லோரியை இடிக்காமல் கடைசி நொடியில் பிரேக்கை மிதித்தேன். அன்றைக்கு வீட்டில் கிடைத்ததும் அறிவுரைதான்: "இனிமே நீ டிரைவ் பண்ண வேணாம், கொம்யூட்டர் ரயில்ல போ."

காரை யாரும் சந்தேகப்படவில்லை. எங்கள் மகள் பிறப்பதற்கு முன் வாங்கிய கார், இப்போது அவள் காலேஜில் படிக்கிறாள். ஒரு வருஷத்துக்கு முன்னால், ஏர்கோன் சரியாகக் குளிரவில்லை என்று என் வீட்டுக்காரர்தான் அதைப் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சரிபண்ணி வந்தார். அதன் பிறகு ஐஸ் பெட்டி மாதிரிக் குளிர்ந்தது. குளிர்கிற காரை யார் குறை சொல்வார்கள்?

என்னோடு பக்கத்து வீட்டு அக்கா வருவார். பிரிக்ஃபீல்ட்ஸில் சேலைக் கடையில் வேலை. ஏறிய கொஞ்ச நேரத்தில் வாயைத் திறந்தபடி தூங்கிவிடுவார். அது அவர் பழக்கம் என்றே நினைத்திருந்தேன்.

ஒரு காலையில் அந்த அக்கா, கடையில் யாரோ கேட்டார்கள் என்று போர்ட் கிள்ளானில் வாங்கிய பெலாச்சான் என்ற இறால் விழுதுக் கட்டோடு ஏறினார். நாற்றம் தாங்கவில்லை. நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, பெடரல் ஹைவே புகையையும் இரைச்சலையும் முகத்தில் வாங்கிக்கொண்டே ஓட்டினேன். பிரிக்ஃபீல்ட்ஸில் நிறுத்தியபோதுதான் உறைத்தது. எனக்குத் தலைவலி இல்லை. அக்கா வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்திருந்தார்.

"இன்னிக்கு நீங்க தூங்கவே இல்லையே அக்கா."

"ஆமா லா. காத்து நல்லா வந்துச்சு."

அன்று சாயங்காலமே டாஷ்போர்டில் காற்றை மாற்றும் நெம்புகோலைச் சோதித்தேன். ஒரு பக்கம் தள்ளினால் காருக்குள் இருக்கும் காற்றே சுற்றும். மறுபக்கம் தள்ளினால் வெளிக்காற்று வர வேண்டும். வெளிப்பக்கம் தள்ளியதும் விசிறி முனகியது, காற்று செத்துப் போனது. வெளிக்காற்று வரும் வழியை ஏதோ அடைத்திருக்கிறது. இவ்வளவு நாளும் நாங்கள் விட்ட மூச்சையே மறுபடி இழுத்திருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முன்சீட்டுக்கு எதிரே உள்ள சாமான் பெட்டியைக் கழற்றி, தலையை உள்ளே விட்டேன். இவர் வேண்டாவெறுப்பாக டார்ச் பிடித்தார். விசிறிக்கு மேலே, காற்று நுழையும் வாயில் கையை விட்டால் மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தேன். அளவாக வெட்டி, சுற்றிலும் டேப் ஒட்டிய ஸ்பாஞ்ச். கறுத்துப்போய், ஈரத்துணி வாடை அடித்தது. எலியோ இலையோ செய்த வேலையில்லை. மனிதக் கை வைத்தது.

அதை பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு மறுநாள் அந்தப் பட்டறைக்குப் போனேன். முதலாளி பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பழைய காடிக்கு எல்லாம் இப்படித்தான் அக்கா போடுவோம். வெளிய உள்ள சூடு உள்ள வராது. நல்லா குளிரும்ல?"

"உள்ள உக்காந்திருக்கிற ஆளு மூச்சு விட வேணாமா?"

"கண்ணாடிய கொஞ்சம் இறக்கிக்கலாமே."

"இறக்கணும்னு யாரு சொன்னா எனக்கு? அடைச்சு வச்சிருக்கீங்கன்னு யாரு சொன்னா?"

"உங்க ஹஸ்பெண்டுகிட்ட சொன்னேனே. அவருதான் ஓகே, போட்டுடுங்கன்னாரு."

எனக்குக் கோபத்தில் காது சூடானது. பையை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் இவரிடம் கேட்டேன். "ஏதோ அடைக்கணும்னு சொன்னாரு. நான் என்ன கண்டேன்? நீதான் சூடு சூடுன்னு புலம்பினே."

"நேத்து நான் உள்ள கைய விட்டப்பகூட ஞாபகம் வரலையா?"

"அதான் இதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

தினமும் அந்தக் காரில் உட்கார்ந்தவள் நான். லோரியின் பின்பக்கத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தவள் நான். என் போனைக் குறை சொன்ன அந்த வாயிலிருந்து, "தப்பு என்னோடதுதான்" என்ற ஒரு வார்த்தை இன்றுவரை வரவில்லை.

அடைப்பை எடுத்த இடத்தை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டேன். முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள சல்லடையில் மக்கிக் கிடந்த சருகுகளையும் அள்ளினேன். இப்போது வெளிக்காற்று தாராளமாக வருகிறது. மத்தியான வெயிலில் முன்போல் குளிராது. அக்கா ஒரு சின்ன விசிறி கொண்டுவருகிறார், ஆனால் தூங்குவதில்லை. எனக்கும் தலைவலி இல்லை.

காரை இனி நானே சர்வீஸுக்குக் கொண்டுபோவது என்று முடிவெடுத்து, செந்தூலில் வேறொரு பட்டறைக்குப் போனேன். அங்கிருந்தவர் என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"ஹஸ்பெண்ட் வரலையா அக்கா?"

"ஓட்டறது நான். எதைத் தொட்டாலும் என்கிட்ட கேட்டுட்டுத் தொடுங்க" என்றேன்.