நாக்கில்லாத மணிக்கு ஒரு கிளாம்ப்

மூன்றாம் வகுப்போடு சிலேட்டைக் கீழே வைத்தவன் நான். இந்தக் கையால் நாமக்கல் ரோட்டில் எத்தனையோ லாரிகளுக்கு பாடி கட்டியிருக்கிறேன். போர்வெல் போடும் ரிக் வண்டிக்கு மடக்கு ஏணி செய்திருக்கிறேன். ஆத்தூர் ஜவ்வரிசி ஆலைக்காரர் ஒருவர் மூன்று பட்டறை ஏறி இறங்கிவிட்டு, கடைசியில் சல்லடைக்கு என்னிடம்தான் வந்தார். படம் போட்டுக் காட்டச் சொன்னால் எனக்குத் தெரியாது. சாமானைக் கையில் கொடுங்கள், அதுவே எனக்குச் சொல்லிவிடும்.

போன வாரம் சேலத்தில் ஒரு வாத்தியக் கடைக்குப் போயிருந்தேன். டிரம்ஸுக்கான கிளாம்புகள் பாக்கெட் பாக்கெட்டாகத் தொங்கின. ஒன்றைப் பிரித்து மூக்கில் வைத்தேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார், பார்க்கட்டும். புது ரப்பர் வாசம். எனக்கு அது சைக்கிள் டியூப் வாசமாகத்தான் ஏறியது. அதன் பின்னாலேயே சவரிமுத்துவும் நினைவுக்கு வந்துவிட்டான்.

எழுபதுகளின் கடைசி அது. சவரிமுத்து பகலில் தையல்காரன், விசேஷ நாளில் மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ். பெரிய டிரம்மின் விளிம்பில் ஓர் இரும்பு மணி நிற்கும், பார்த்திருப்பீர்கள். மாட்டு மணி மாதிரிதான், ஆனால் நாக்கு கிடையாது. குச்சியால் தட்டினால்தான் சத்தம். அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப் உடைந்துவிட்டது. மெட்ராஸிலிருந்து வர ஒரு மாதமாகும். மாதா கோயில் திருவிழாவுக்கோ நாலே நாள்.

"ஏனுங்ண்ணா, மணியில்லாம மேடையேறுனா வேற ஆளப் போட்டுக்கறேன்னு குழுத் தலைவர் சொல்லிப்போட்டாருங்க."

"கழுத்துல கட்டிக்கிட்டு ஆட்டுடா" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

அப்போது பட்டறையில் ஒரு லாரி கிடந்தது. தொப்பூர் இறக்கத்தில் உருண்ட வண்டி. ஓட்டிய பழனிச்சாமி, எங்கள் ஊர்க்காரன், அங்கேயே போய்விட்டான். டிரைவர் பக்கத்தில் பின்னால் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்திருந்த கிளாம்ப் மட்டும் கீறல்கூட இல்லாமல் இருந்தது. கழற்றி அறுத்தேன். வாயை அரம் போட்டு அகட்டினேன். மணி நழுவாமலிருக்க உள்ளே சைக்கிள் டியூப் ஒட்டி, விரலாலேயே திருகும் நட்டு ஒன்று வைத்தேன். மெட்ராஸ் சாமான் பிச்சை வாங்க வேண்டும்.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. ஆள் செத்த வண்டியின் சாமானை இன்னொரு வண்டிக்கு மாற்றும் முன் எலுமிச்சம்பழம் அறுப்போம். நான் அறுக்கவில்லை. வண்டிக்குத்தானே அந்த முறை? டிரம் எந்த இறக்கத்தில் இறங்கப் போகிறது என்று நினைத்துவிட்டேன்.

திருவிழா அன்று சாயங்காலம் நாலு மணி. நல்ல வெயில். காற்றில்லை. ஜெனரேட்டரும் ஓடவில்லை, அதிர்வாக இருக்குமோ என்று பிறகு கேட்டவர்களுக்காகச் சொல்கிறேன். மேடையில் நானும் சவரிமுத்துவும்தான். அவன் இரண்டு கையிலும் வடை, என் கை இரண்டும் முதுகுக்குப் பின்னால்.

டக். டக்டக். டக். டக்டக். சத்தம் மணியிலிருந்து.

"அண்ணா, நீங்களா தட்டறீங்க?"

"எதுலடா தட்டறது, மூக்குலயா?"

நட்டைப் பிடித்து இறுக்கினேன். மூடிய கதவின் தாழ்ப்பாளை அந்தப் பக்கம் ஒருவர் அசைப்பது போல அது விரலுக்குள் அசைந்தது. கால் மணி நேரம் மல்லுக்கட்டியும் சத்தம் நிற்கவில்லை.

"ஒரு எலுமிச்சம்பழம் வாங்கியாடா."

"மாதா கோயில் மேடையிலீங்களா? ஃபாதர் பாத்தா நம்ம ரெண்டு பேரயும் அறுத்துப்போடுவாரு. தீர்த்தம் வேணா கேட்டுப் பாக்கறனுங்க." சொல்லிக்கொண்டே மணியைக் கழற்றக் கை நீட்டினான். கழற்றினால் தன் இடம் போய்விடும் என்று தெரிந்தேதான் நீட்டினான்.

"கழட்டாதீங்க."

கீழே பழனிச்சாமியின் சம்சாரம் பாவாயி நின்றிருந்தாள். வீடு இரண்டு தெரு தள்ளி. கையெல்லாம் அடுப்புக்கரி.

"அவரு வண்டிக் கண்ணாடியில இருந்ததுங்களா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"தெருவுக்குள்ள திரும்பறப்பவே அதுல மோதிரத்தால இப்பிடித் தட்டுவாருங்க. கேட்டதும் குளிக்கத் தண்ணி வெப்பேன். இப்பவுங் கேட்டுச்சுங்க. அடுப்பப் பத்த வெச்சுத் தண்ணியும் காஞ்சதுக்கப்புறந்தான், ஆளே இல்லையேன்னு நெனப்பு வந்துச்சு."

படியேறி வந்தாள். மணிக்குப் பக்கத்தில் குனிந்து, வீட்டுக்குள் பேசுகிற குரலில் சொன்னாள்:

"தண்ணி காஞ்சிருச்சுங்க. வாங்க."

சத்தம் நின்றது. என் விரலிலிருந்த நட்டு, அந்தப் பக்கம் பிடி விட்டாற்போல, வெறும் இரும்பாகிவிட்டது. பாவாயி எங்களைப் பார்க்காமல் இறங்கிப் போனாள். தெரு காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் பக்கத்தில் இன்னோர் ஆள் நடக்க இடம் விட்டு, ஓரமாகவே நடந்து போனாள்.

அன்றைக்கு சவரிமுத்து வாசித்தான் பாருங்கள், அவன் இடத்தைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை. மணியும் தானாக ஒருநாளும் அடிக்கவில்லை.

இப்போது அந்தக் குழு இல்லை. மணிச் சத்தத்துக்கு கீபோர்டில் ஒரு பட்டன் இருக்கிறது. லாரிகளில் கதவுக் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியில் போகிறார்கள். தெருத் திரும்பும்போது தட்டுகிறவன் யாருமில்லை. எதிர்பார்த்துத் தண்ணீர் வைக்க பாவாயியும் இல்லை. கதை மட்டும் எங்கள் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது: பழனிச்சாமி தட்டினான், பாவாயி கூட்டிப்போனாள், சவரிமுத்து பிழைத்தான். எலுமிச்சம்பழம் அறுக்காத பாவி என்ற இடத்தில் மட்டும் என் பேரைச் சொல்கிறார்கள். சொல்லட்டும், அறுக்கவில்லைதான். ஆனால் செத்தவன் அந்த உலுக்கு உலுக்கியும் அரை நூல் நகராமல் நின்றதே ஒரு கிளாம்ப், அதைச் செய்தவன் யார்? இனி கதை சொல்கிறவர்கள் அந்த இடத்திலும் என் பேரைச் சொல்ல வேண்டும்.