கொக்குக்கு ஊற்றிய தேங்காய் எண்ணெய்

போன மார்கழியில் மூணாறு மலைமேல் நடந்தது இது. நாங்கள் இருப்பது வேலந்தாவளம் பக்கம், வடகரப்பதி பஞ்சாயத்தில். தென்னந்தோப்பு, நாலு மாடு, மகன், மருமகள், நான். எனக்கு ஆட்களோடு பேசக் கூச்சம். மருமகளுக்கும் அதே குணம். கல்யாணமாகி வந்த புதிதில் "சாப்டீங்களா அத்தை", "ஆச்சு கண்ணு" என்பதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு ஓடியதில்லை.

சீர்ச்சாமான்களோடு அவள் ஒரு பழைய கியர் சைக்கிளும் கொண்டுவந்தாள். கிடாய்க் கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார், விரல் தடிமனுக்கு டயர். காலேஜில் படிக்கும்போது யாரோ ஓட்டித் தேய்த்ததை வாங்கினாளாம். சீர் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மகன் அதற்குக் "காயலாங்கடை" என்றே பேர் வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமையானால் மாட்டுக்கொட்டகை ஓரம் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வேலை பார்ப்பாள். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், செயினை ஒரு பல்லிலிருந்து இன்னொரு பல்லுக்கு ஏற்றி இறக்குகிற சாமான் ஒன்று தொங்கும். டிரெயிலரோ என்னவோ பேர் சொன்னாள். எனக்கு வாயில் நுழையவில்லை. "கொக்கு காலை மடக்கிட்டு நிக்கற மாதர இருக்குது" என்றேன். அவள் சத்தம் போட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அதிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் அது கொக்கு.

கொக்கைக் கழற்றி, சிரட்டையில் மண்ணெண்ணெய் ஊற்றி, பழைய பல் பிரஷால் தேய்ப்பாள். அதிலிருக்கும் இரண்டு குட்டிப் பல்சக்கரங்களையும் திருகாணிகளையும் நான் முறத்தில் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கோழி கொத்திவிட்டால் எங்கே போய்த் தேடுவது?

அவளோடு படித்த கோயமுத்தூர்ப் பிள்ளைகள் மூணாறில் சேர்ந்து சைக்கிள் ஓட்டப் போகிறோம், நீயும் வா என்று கூப்பிட்டார்கள். மகனுக்கு அரை மனசு.

"கார்ல ஏத்தியாந்து உடறேன். வழியில நின்னுபோச்சுன்னா அங்கயே எடைக்குப் போட்டுட்டு வந்துருவேன். அப்பறம் சைக்கிள் பேச்சே எடுக்கக் கூடாது" என்றான்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனாலும் சொன்னால் செய்கிறவன். மருமகள் முகம் வாடிப்போயிற்று. "சரிங்க" என்றாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் கொக்கைக் கழுவித் துடைத்து மாட்டினாள். "எண்ணெ மட்டும் பாக்கிங்கத்தை. சாயந்தரம் வரும்போது நம்ம சித்தூர்ல வாங்கியாரேன்" என்று வேலைக்குப் போய்விட்டாள்.

மண்ணெண்ணெயில் கழுவிய இரும்பு வறண்டு கிடந்தது. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. எங்கள் வீட்டில் கிணற்று உருளைக்கும் தையல் மிஷினுக்கும் கதவுக் கீலுக்கும், ஏன், முழங்கால் வலிக்கும்கூட எங்கள் தோப்புக் காயை ஆட்டிய எண்ணெய்தான். அதை எடுத்துக் கொக்கு தலைமுதல் கால்வரை ஊற்றினேன். ஹேண்டில்பாரிலிருந்து கொக்குக்குக் கம்பி போகிற குழாய்க்குள்ளும் விட்டேன். ஆட்டிப் பார்த்தால் வழுக்கிக்கொண்டு போய் வந்தது. சாயந்தரம் அவள் வந்தாள். சைக்கிளிடம் குனிந்தாள், நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், தோளில் மாட்டிய பையை இறக்காமலே உள்ளே போய்விட்டாள். எண்ணெய் வாங்க மறந்துவிட்டாள் போல, நல்லவேளை நாம் ஊற்றினோம் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை.

மறுநாள் காரில் நானும் கூடப் போனேன். மூணாறில் ராத்திரி முழுக்கச் சைக்கிள் கார் மேலேயே பனியில் கிடந்தது. விடிந்ததும் பிள்ளைகள் கிளம்பினார்கள். மகனும் நானும் காரில் பின்னாலேயே போனோம். மேட்டில் அவள் அழகாகத்தான் ஏறினாள். மாட்டுப்பட்டி அணைப் பக்கம் சமமான ரோடு வந்ததும் வந்தது வினை. செயின் பெரிய பல்லை விட்டு இறங்கவே மாட்டேன் என்கிறது. கால்தான் ராட்டினமாகச் சுற்றுகிறது, சைக்கிள் ஊர்கிறது. மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். கடைசியில் ஒரு டீக்கடை ஓரம் இறங்கிவிட்டாள்.

"அப்பவே சொன்னனல்லோ" என்றான் மகன்.

அவள் சைக்கிளிடம் குனிந்தாள். கொக்கைக் கையால் தள்ளிப் பார்த்தாள். விறைத்துப்போய் நின்றது.

டீக்கடை அம்மாள் தலையில் கட்டிய துண்டோடு எட்டிப் பார்த்தாள். எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தவளாம். கொக்கின் இடுக்கில் வெள்ளையாக ஒட்டியிருந்ததை விரலில் தொட்டு மோந்தாள்.

"ஏ தாயி, தேங்கா எண்ணெல்லா இது! இங்க தலைக்கு வைக்கவே அடுப்புல காட்டித்தான் வைப்போம். இதக் கொண்டுபோயி இரும்புல எவ ஊத்துனா?"

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். மார்கழியில் எங்கள் வீட்டு எண்ணெயும்தான் உறையும். இரும்புக்குள் போன எண்ணெயும் உறையும் என்று எனக்குத் தோன்றவே இல்லையே! மகன் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தான். 

"நான்தானுங்கக்கா ஊத்துனேன். அவசரத்துல தெரியாம ஊத்திட்டேன்" என்றாள் மருமகள்.

"நல்லா ஊத்துன போ. தாளிக்காம உட்டியே!" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் கெட்டிலோடு வந்தாள். சுடுதண்ணீரைக் கொக்கின் மேலும் குழாயின் மேலும் மெதுவாக ஊற்றினாள். வெள்ளையெல்லாம் உருகிச் சொட்டியது. ரோடே தலைக்குக் குளிக்கிற நாள் மாதிரி மணத்தது. கொக்கு லேசாக நடுங்கி, 'டக்'கென்று தன் இடத்துக்கு வந்தது.

மருமகள் துணியால் துடைத்தாள். பிறகு தன் பையிலிருந்து ஒரு சின்ன எண்ணெய்க் குப்பியை எடுத்து, மேலே ஒட்டியிருந்த தாளைப் பிரித்துச் சொட்டுச் சொட்டாக விட்டாள்.

"இது எப்ப வாங்குனே?" என்றான் மகன்.

"முந்தாநேத்து. சித்தூர்ல."

"அப்பறம் ஏன் பிரிக்கவே இல்ல?"

"மறந்துட்டனுங்க" என்றவள் என் பக்கம் திரும்பவே இல்லை. சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அன்று சாயந்தரம் குனிந்தவளுக்கு வாசம் தெரியாமலா போயிருக்கும்? நான் ஊற்றியதைத் துடைத்துவிட்டு, தான் வாங்கி வந்ததைப் போட அவளுக்கு மனசு வரவில்லை.

ஓட்டம் முடிகிற டாப் ஸ்டேஷனுக்குக் கடைசி ஆளாகத்தான் வந்து சேர்ந்தாள். ஆனால் ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். முகமெல்லாம் சிவந்து, பல்லெல்லாம் சிரிப்பு. சைக்கிளைக் காரில் ஏற்றும்போது மகன், "அம்மா, தள்ளி நில்லுங்க, கொக்கு இடிச்சுக்கும்" என்றான். எடைக்குப் போடும் பேச்சை அதற்கப்புறம் அவன் எடுக்கவே இல்லை.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் முறத்தோடு பக்கத்தில் உட்காருகிறேன். எண்ணெய் விடுகிற வேலையை அவள் எனக்கே கொடுத்துவிட்டாள், அந்தச் சின்னக் குப்பியிலிருந்துதான். நடந்ததைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அடுப்பு மேட்டில் எண்ணெய் உறைந்து நிற்கும்போதெல்லாம் பிரிக்காமல் மலையேறிய அந்தக் குப்பி ஞாபகம் வரும், பாத்திரம் சுடும் முன்னே என் நெஞ்சு இளகிவிடும்.