கலங்கல் தண்ணீர்

இலங்கைத்துறையில் கடலையொட்டிக் கிடக்கும் களப்பில் நல்லம்மா இறங்காத நாட்கள் இருபது வருடத்தில் மிகக் குறைவு. கழுத்துவரை தண்ணீரில் அமிழக் குந்தியிருந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பது அவள் தொழில். வலை இல்லை, வள்ளம் இல்லை. கழுத்தில் தொங்கும் பனையோலைப் பறிக்கூடை ஒன்றுதான் முதல். கூடவே இறங்குகிறவள் கீர்த்தனி, புருஷன் தவராசாவின் தங்கை. பேசிய கலியாணங்கள் ஒன்றும் சரிவராமல் முப்பத்துநாலு வயதிலும் அண்ணன் வீட்டிலேயே இருந்தாள். நல்லம்மா அந்த வீட்டுக்கு வாழ வந்தபோது கீர்த்தனிக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்துக்குத் தலை இழுத்துப் பின்னி அனுப்பியது நல்லம்மாதான்.

அந்த வருடத்து வெள்ளம் ஆற்று முதலைகளைக் களப்புக்குக் கொண்டுவந்து விட்டது. இரண்டு நாயும் ஒரு கன்றும் போன பிறகு, வனசீவராசிகள் அலுவலகத்திலிருந்து றிஸ்வி என்ற இளம் உத்தியோகத்தர் வந்து பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்.

"விடியக் காலமையும் பொழுதுபடுற நேரமும் இறங்காதீங்க. மீன்குடலைக் கரையில வீசாதீங்க. தனியப் போகாதீங்க, ஒருத்தர் கரையில நிண்டு பாக்க வேணும். கலங்கல் தண்ணியில கால் வைக்கவே வேணாம். அப்பிடியும் பிடிச்சிட்டா, ஆளை இழுத்துக்கொண்டு நிக்காம அதின்ட கண்ணில குத்துங்க."

"கலங்கல் இல்லாட்டி இறால் வராதே தம்பி," என்றாள் நல்லம்மா.

றிஸ்வி கையிலிருந்த தாளை மடித்தார். "ஓம் அக்கா, விளங்குது," என்றார்.

மற்றதையெல்லாம் நல்லம்மா ஒழுங்காகக் கடைப்பிடித்தாள். வெயில் ஏறிய பிறகே இருவரும் களப்புக்குப் போனார்கள். முறை வைத்து ஒருத்தி இறங்க, மற்றவள் தடியோடு கரையில் நின்றாள்.

தை மாதத்து வியாழக்கிழமை ஒன்று. கரையில் நிற்பது நல்லம்மாவின் முறை. முந்தின நாள் பெய்த மழையில் தண்ணீர் பால்தேத்தண்ணி நிறத்தில் கிடந்தது. சற்று நேரம் தடவிப் பார்த்த கீர்த்தனி எழும்பித் திரும்பினாள்.

"மச்சாள், இண்டைக்கு எனக்கு மனம் சரியில்லை. போவமே?"

பறியில் ஒரு கைப்பிடி இறால்கூட இல்லை. "அரை மணித்தியாலம் பாத்திட்டுப் போவம். நான் நிக்கிறன்தானே," என்றாள் நல்லம்மா.

கீர்த்தனி மறுபடி குந்தினாள்.

நல்லம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதேதான் அது நடந்தது. தண்ணீரில் ஒரு சுழிப்பு, அவ்வளவுதான். கீர்த்தனியின் தலை உள்ளே போனது. கத்தக்கூட இல்லை. நல்லம்மா பாய்ந்தாள். கையில் தலைமயிர் அகப்பட்டது, பிறகு தோள், பிறகு பனைமட்டை போலச் சொரசொரத்த முதுகு. அதன்மேலே தடவித் தடவிக் கண்ணைக் கண்டுபிடித்துப் பெருவிரலை உள்ளே விட்டாள். வால் ஒருமுறை அடித்தது. பிடி விட்டது.

கரைக்கு இழுத்து வந்து பார்த்தபோது கீர்த்தனியின் இடது தொடையில் சதை இல்லை. சீலையைக் கிழித்து இறுக்கிக் கட்டினாள். அவள் கூப்பாடு கேட்டு ஆட்கள் ஓடிவந்தார்கள், ஓட்டோவும் வந்தது. ஆனால் வெள்ளம் உடைத்த மதகோடு வீதி முடிந்துபோயிருந்தது. கீர்த்தனியைப் பிளாஸ்டிக் கதிரை ஒன்றில் இருத்தி, நாலுபேர் தூக்கிப் பள்ளத்தைக் கடந்தார்கள். மறுபக்கத்துக்கு வேறு வாகனம் வர முக்கால் மணித்தியாலம் எடுத்தது. அவ்வளவு நேரமும் அவள் தலை நல்லம்மாவின் மடியில் கிடந்தது.

"மச்சாள், குளிருது."

உச்சி வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நல்லம்மா குனிந்து அவளைத் தன் உடம்பால் மூடிக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது டொக்டர் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் நல்லம்மாவின் துணிச்சலைத்தான் கதைத்தார்கள். முதலையின் வாயிலிருந்து பறித்தவள் என்றார்கள். அவள் சுவரோடு சாய்ந்து, பெருவிரலைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு இருந்தாள்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து இரண்டு நாளில் றிஸ்வி அறிக்கை எழுத வந்தார். நடந்ததைக் கேட்டு முடித்து, "நீங்க எல்லாத்தையும் சரியாத்தான் செய்திருக்கிறீங்க அக்கா," என்றார்.

"அவள் போவம் எண்டு கேட்டவள் தம்பி. நான்தான் விடேல்லை. அதையும் எழுதுங்கோ."

உள்ளே படுத்திருந்த தவராசாவுக்கு அது கேட்டது. றிஸ்வி போன பிறகு எழும்பி வந்தார்.

"அவள் கேட்டவளோ?"

"ஓம்."

அவர் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார்.

நல்லம்மா இப்போது களப்புக்குப் போவதில்லை. ஈச்சிலம்பற்று வயல்களில் களை பிடுங்கப் போகிறாள். வேலையில்லாத நாட்களில் வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள். தவராசா அவள் போடுவதைச் சாப்பிடுகிறார், கேட்டதற்குப் பதில் சொல்கிறார், தானாக ஒன்றும் கதைப்பதில்லை. ஒருநாள் மத்தியானம் அவர் குசினியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, பொறுக்க ஏலாமல் முன்னால் போய் இருந்தாள்.

"என்னை ஒரு சொல் ஏசுங்கோவன்."

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"ஏசி என்ன வரப்போகுது," என்று சொல்லி, கையைக் கழுவிவிட்டு வெளியே போனார்.

பாதியில் விட்ட சோற்றுக்கு முன்னால், முற்றத்துக் கோழிகள் குசினிக்குள் ஏறி வரும்வரை அவள் அப்படியே இருந்தாள்.