சங்கத்தின் முப்பத்தைந்து

லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் பாதி ஆயுளைக் கழித்த மனிதர் அவர். அவருக்குப் பொறுமை போதாது என்று யாரும் சொன்னதில்லை, வீட்டுத் தொட்டியில் கடல் பவளம் வளர்ப்பவர்களின் பவளத் தொட்டிச் சங்கத்தில் சேரும்வரை. அங்கே அவருக்கு வைத்த பெயர் ‘அவசரக்கை’. சும்மா சும்மா தண்ணீருக்குள் கையை விடுகிறார், அதனால்தான் அவருடைய பவளம் வெளுக்கிறது என்பது சங்கத்தின் தீர்ப்பு.

அவரைப் பெரிய மனிதர் என்று நான் சொல்ல வரவில்லை. கோபம் வந்தால் பேசாமல் இருப்பார். அதைப் பெருந்தன்மை என்று மற்றவர்கள் எடுத்துக்கொண்டால் மறுக்கவும் மாட்டார். மூன்றாவது மாடி வீட்டில், சோபா இருந்த இடத்தில் தொட்டியை வைத்து, மகளின் படிப்பு மேசையைப் படுக்கையறைக்குத் தள்ளியவர். ஒயர்களின் மேல் உப்பு பூத்திருக்கும், பம்ப் ஓயாமல் முனகும். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மனைவி, தொட்டியின் ஊதா வெளிச்சத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போதெல்லாம், துணிக்கடை ஷோகேசுக்குள் குடியிருப்பதுபோல் இருக்கிறது என்பார்.

கடையில் அவர் விரல்நுனி அளவுக்கு வாங்கிய பச்சைக் கொம்புப் பவளம் சில வருடங்களில் இரண்டு கை அகலத்துக்குக் கிளைத்திருந்தது. வாழ்க்கையில் தன் கையால் வளர்ந்தது என்று அவர் காட்டக்கூடியது அது ஒன்றுதான் (மகளை மனைவி வளர்த்தார் என்பதை அவரே ஒத்துக்கொள்வார்). அதைப் பார்த்துத்தான் சங்கத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

சங்கத்தில் பன்னிரண்டு பேர். தலைவர் ஒரு பல் டாக்டர். அங்கே ஒரு வழக்கம் உண்டு. யாரிடம் பவளம் நன்றாக வளர்கிறதோ அவர் அதை ஒடித்து மற்றவர்களுக்குத் துண்டு கொடுக்க வேண்டும். தாய்ப் பவளம் செத்துப்போனால், கொடுத்தவரே போய்த் தன் துண்டைத் திரும்பக் கேட்கலாம். நல்ல வழக்கம். இதற்கு மேல் அந்தச் சங்கத்தைப் பாராட்ட எனக்கு எதுவும் அகப்படவில்லை.

கூடவே ஒரு விதியும் இருந்தது. இந்தத் தொட்டிகளில் ஊற்றுவது கடலில் அள்ளிய தண்ணீர் அல்ல, நல்ல தண்ணீரில் உப்புத்தூளைக் கரைத்து வீட்டிலேயே செய்வது. கடலின் உப்பு அளவு முப்பத்தைந்து, அதாவது ஆயிரத்துக்கு முப்பத்தைந்து பங்கு. சங்கத்து உப்பு மீட்டரில் முப்பத்தைந்து காட்டாத தொட்டிக்கு யாரும் துண்டு கொடுக்கக் கூடாது. அந்த மீட்டரை டாக்டர் சரிபார்ப்பது ஒரே ஒரு பாட்டிலை வைத்து. சரியாக முப்பத்தைந்து உப்புள்ள தண்ணீர் என்று சீட்டு ஒட்டி, அவருடைய கிளினிக் அலமாரியில் நிற்கும் அதற்கு ‘தாய் பாட்டில்’ என்று பெயர். சங்கத்தில் எல்லோருடைய மீட்டருக்கும் அதுதான் மூலம்.

சேர்ந்த அன்று அவர் தொட்டி சங்கத்து மீட்டரில் முப்பத்தொன்று காட்டியது. எல்லோரும் துக்கம் விசாரிக்க வந்தவர்கள்போல் பார்த்தார்கள்.

“இத்தன நாள் இது உயிரோட இருந்ததே உங்க அதிர்ஷ்டம் தம்பி,” என்றார் டாக்டர்.

அவர் வெட்கப்பட்டுத் தன் மீட்டரைச் சங்கத்து மீட்டருக்குச் சரியாகத் திருப்பினார். தொட்டியில் உப்பை ஏற்றினார். வழக்கப்படி ஐந்து பேருக்குத் துண்டும் கொடுத்தார். சில மாதங்களில் பவளத்தின் அடி வெளுத்தது, பிறகு தோல் உரிந்தது. விளக்கை மாற்றினார், பம்பை மாற்றினார், மணலைக் கழுவினார். ஒவ்வொரு தடவையும் சங்கத்தார் வந்து அளந்து, தண்ணீர் சரியாக இருக்கிறது, கைதான் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியில் அவர் தொட்டி முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கப் பழகினார். வாத்தியார் வெளியே நிறுத்தின பையன் மாதிரி அப்பா நிற்கிறார் என்று மகள் சிரித்தாள். பவளம் முழுக்கச் செத்தது.

அதன் பிறகுதான் மீன் ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் லிஃப்ட் வேலை வந்தது. தன் தொட்டித் தண்ணீரை ஒரு சின்னப் புட்டியில் கொண்டுபோய், அங்கிருந்த ஆய்வகப் பெண்ணிடம் அளந்து பார்க்கச் சொன்னார். அவள் இரண்டு கருவிகளில் பார்த்தாள். முப்பத்தொன்பது.

“இதுல கருவாடுதான் வளரும் சார்,” என்றாள்.

அவருக்குக் காரணம் தெரிய ஒரு நாள்கூட ஆகவில்லை. கிளினிக்குக்குப் போய்த் தாய் பாட்டிலைப் பார்த்தார். மூடியில் கீறல், தண்ணீர் பத்தில் ஒரு பங்கு இறங்கியிருந்தது. தண்ணீர் ஆவியாகும், உப்பு போகாது. மிச்சம் இருந்தது முப்பத்தொன்பது. அதைத்தான் மீட்டர் முப்பத்தைந்து என்று நம்பிக்கொண்டிருந்தது. எடுத்தால் குறையத்தானே செய்யும், அதிலிருந்து எடுத்துத்தானே மீட்டரைச் சரிபார்க்கிறோம் என்றார் டாக்டர்.

லிஃப்ட்காரர், அதே முப்பத்தைந்து சீட்டோடு முத்திரை பிரிக்காத புதுப் பாட்டில் ஒன்றை வாங்கிக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குப் போனார். சங்கத்தில் இருந்த ஒரு பேக்கரிக்காரர் வீட்டில் கூட்டம். எல்லோர் முன்னாலும் முத்திரையைப் பிரித்துச் சங்கத்து மீட்டரில் ஒரு சொட்டு விட்டார்கள். முப்பத்தொன்று. புதுப் பாட்டில் போலி என்று முடிவாயிற்று.

“பன்னெண்டு வீட்டுத் தண்ணியும் ஒரே மாதிரி காட்டுது தம்பி. பன்னெண்டும் தப்பாவா இருக்கும்?” என்றார் டாக்டர். “ஊர் ஓடினா ஒத்து ஓடணும்.”

இருக்கும். பன்னிரண்டும் ஒரே பாட்டிலுக்குப் பிறந்தவை. ஒருவரை ஒருவர் பார்த்துச் சரிசெய்துகொள்ளும் கூட்டத்தில் பிழை வெளியே தெரிவதில்லை, அது ஒற்றுமையாகத்தான் தெரிகிறது. இதை அவர் அன்று சொல்லியிருந்தாலும் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. அவரோ பாட்டிலை மூடிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து தொட்டியை உண்மையான முப்பத்தைந்துக்கு இறக்கினார். சுருங்கிக் கிடந்த மற்றப் பவளங்கள் விரிந்தன. இனி பச்சைக் கொம்பு வேண்டும். கொடுத்த ஐந்தில் நான்கு செத்திருந்தன. பேக்கரிக்காரரிடம் மட்டும் கட்டைவிரல் அளவுக்குப் பழுப்பாக ஒன்று உயிரோடு இருந்தது.

“எனக்கென்ன, இப்பவே வெட்டித் தரேன்,” என்றார் பேக்கரிக்காரர். “டாக்டர் கேட்டா நான் என்ன சொல்றது? உங்க தொட்டி முப்பத்தொண்ணுல நிக்குதே.”

அவருடைய பவளம், அவர் கொடுத்த துண்டு. அதைத் திரும்ப வாங்க அவர் தன் தண்ணீரைக் கெடுக்க வேண்டும். மாட்டேன் என்று சில வாரம் முறுக்கிக்கொண்டு திரிந்தார். வீட்டில் கதவுகள் சத்தமாகச் சாத்தப்பட்டன. ஒரு நாள் மனைவிக்கு அலுத்துவிட்டது.

“அவங்க கேக்கற நம்பரைக் காட்டிட்டு வாங்கிட்டு வாங்களேன். அப்புறம் எறக்கிக்கோங்க.”

“தப்புன்னு தெரிஞ்சே போடச் சொல்றியா?”

“தெரியாமப் போட்டப்ப மட்டும் நல்லா இருந்துச்சா?”

பேக்கரிக்காரர் தொட்டியில் அந்தத் துண்டின் ஒரு பக்கம் வெளுக்கத் தொடங்கியதைப் பார்த்த பிறகு அவர் இறங்கிவந்தார். தினமும் காலையில், வேலைக்குக் கிளம்புமுன், ஒரு கரண்டி உப்பு. தொட்டியிலிருந்த இறால்கள் பாறைக்குள் ஒளிந்தன, விரிந்த பவளங்கள் மறுபடி சுருங்கின. செய்வது என்னவென்று தெரிந்துகொண்டே செய்தார். அந்த நாட்களில் அவர் மனைவியிடம் எரிந்து விழுந்ததற்கெல்லாம் இது ஒன்றுதான் காரணம்.

சோதனை நாளில் சங்கத்து மீட்டர் முப்பத்தைந்து காட்டியது.

“இப்பத்தான் தம்பி நீங்க கடலுக்கே வந்திருக்கீங்க,” என்று டாக்டர் முதுகில் தட்டினார். பேக்கரிக்காரர் துண்டை வெட்டிக் கொடுத்தார்.

துண்டைக் கல்லில் ஒட்டிவிட்டு, தொட்டியை மறுபடி கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். அவசரம் காட்டவில்லை. பழுப்பு போய்ப் பச்சை வந்தது. அடியில் புதுத் தோல் படர்ந்தது, பக்கத்தில் இரண்டு கொம்பு முளைத்தது. சேதி கேட்டு டாக்டர் பார்க்க வந்தார்.

“பாத்தீங்களா, நம்ம அளவுக்கு வந்ததும் எப்படிப் பிடிச்சிருக்கு.”

“இது நம்ம அளவு இல்ல டாக்டர். அளந்து பாருங்க.”

டாக்டர் அளந்தார். முப்பத்தொன்று. மீட்டரின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தார். தொட்டியைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார்.

“மீட்டர்ல ஏதோ கோளாறு,” என்றார்.

“அதைத்தான் நானும் இத்தன நாளா சொல்றேன்.”

“நீங்க சொன்னது சரியாப் போச்சு தம்பி, ஒத்துக்கறேன். இன்னிக்கே தாய் பாட்டில்ல வெச்சுச் சரி பண்ணிடறேன்.” மீட்டரைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். “அடுத்த தடவை எனக்கு ஒரு துண்டு எடுத்து வைங்க.”

அவர் தலையாட்டினாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. டாக்டர் போன பிறகு மனைவிதான் கேட்டார்:

“குடுப்பீங்களா?”

“அந்தத் தண்ணியில போட்டா ரெண்டு மாசம் தாங்காது.”

“யாருக்கும் குடுக்க மாட்டீங்க. அப்ப நாளைக்கு இது செத்தா யார்கிட்ட போய்த் திருப்பிக் கேப்பீங்க?”

கொடுத்து வைக்கச் சங்கத்தில் ஒரு தொட்டியும் இல்லை, சங்கத்துக்கு வெளியே அவருக்கு ஆளும் இல்லை. ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்குப் பதிலாக அவர் ஒரு ஜாடி நல்ல தண்ணீர் எடுத்துவந்து, தொட்டியின் ஓரமாக மெல்ல ஊற்றிக்கொண்டிருந்தார்.